ஆறு நாள் பயிற்சிக்குப் பின் என்ன?

கர்நாடக அரசின் மாண்புமிகு சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

பெங்களூரில் நெடுங்காலம் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெண் எழுதும் மடல் இது. தங்கள் துறையின் மேல் பற்றும் மதிப்பும் உள்ளவள் நான். காய்ச்சல் என்றால் இன்றும் அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறேன். அக்கம்பக்கத்தாரையும் அங்கேதான் அனுப்புகிறேன். தனியார் மருத்துவமனைகளிடம் எனக்கு எதிர்பார்ப்பு ஏதும் இல்லை, ஆகவே அவற்றிடம் முறையிடவும் ஒன்றுமில்லை. அரசிடம் எதிர்பார்ப்பு உண்டு. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். தங்கள் காந்திநகர் தொகுதியின் ஸ்ரீராமபுரம், ஓகலிபுரம் தெருக்களில் தாங்கள் நடந்து சென்றபோதெல்லாம் தமிழ் தங்கள் காதில் விழுந்திருக்கும். அத்தகைய தெருக்களின் பிள்ளைகளைப் பற்றிய மடல் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். கன்னடப் படி ஒன்றும் தனியே தங்களுக்கு வந்து சேரும்.

நான் கேட்கவிருப்பது புதிய திட்டம் அன்று. அரசு ஏற்கெனவே தந்த வாக்கு ஒன்றை நினைவூட்டவே எழுதுகிறேன். 2014 ஜனவரி 7 அன்று ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 10 முதல் 19 வயது வரையிலான ஏறத்தாழ 25 கோடிப் பிள்ளைகளுக்கான திட்டம். அதுவரை இந்த வயதுப் பெண்களை நம் சுகாதாரத் துறை வருங்காலத் தாய்மார்களாக மட்டுமே பெரிதும் பார்த்து வந்தது, ஆண்பிள்ளைகளை அரிதாகவே பார்த்தது. புதிய திட்டமோ ஊட்டச்சத்து, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், போதைப் பழக்கம், காயங்களும் வன்முறையும், தொற்றா நோய்கள் என ஆறு பொருள்களைக் கையில் எடுத்தது. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லட்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு நான்கு சக வயதுக் கல்வியாளர்கள், அவர்களில் இருவர் பெண்கள், இருவர் ஆண்கள். வயது 15 முதல் 19. ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அவர்களை அடையாளம் காண்பார். ஆறு நாள் பயிற்சி தரப்படும். பிறகு ஒவ்வொருவரும் தம்மையொத்த பதினைந்து இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு வாரந்தோறும் ஓரிரு மணி நேரம் பேச வேண்டும். 2017-இல் அவர்களுக்கென ஸாத்தியா என்ற பெயரில் கையேடுகளும் படங்களும் வெளியாயின. ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றும், ஆண்பிள்ளை அழுவதில் இழுக்கில்லை என்றும் ஓர் அரசு வெளியீடு சொன்னதைப் படித்து நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு வரியை அரசுத் தாளில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அந்த வாக்கை நிறைவேற்றக் கர்நாடகத்தைவிடத் தகுந்த மாநிலம் எது என்றும் அப்போது எண்ணினேன். நாட்டில் வேறெங்கும் அரசுகள் வாய்திறக்கத் தயங்கிய காலத்தில், 1930-இலேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்கள் திறக்க ஆணையிட்டது மைசூர் சமஸ்தானம். மனநோய்க்கு மருத்துவம் பார்க்க மனநல மருத்துவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கத் தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துப் பணியாளர்களுக்கு முறையாகப் பயிற்சி தந்தால் போதும் என்று 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் செய்து காட்டியது நம் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம். 1996-இல் நாட்டுக்கே மாவட்ட மனநலத் திட்டம் வந்தபோது பெல்லாரிதான் அதற்கு முன்மாதிரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வழியே வாழ்க்கைத்திறன் கற்பிக்கும் பாடமுறையையும் அதே நிம்ஹான்ஸ் வகுத்தது. சாதாரண மனிதருக்குக் கற்றுக்கொடுத்தால் அவர் இன்னொருவர் உயிரைக் காப்பார் என்பது இந்த மாநிலம் தன் மண்ணில் கண்டறிந்த உண்மை.

ஆனால் 2007-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை எதிர்ப்புக்கு அஞ்சிப் பள்ளிகளில் நிறுத்திய மாநிலங்களின் பட்டியலில் கர்நாடகமும் இருந்தது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாலியல் கல்வி வரும் என்று பள்ளிக் கல்வித் துறை அறிவித்தது 2025-இல். நடுவில் ஓடிய ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறினார்கள், அவர்கள் எங்கிருந்து எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதைத் தங்கள் மருத்துவமனைகளின் மகப்பேறு வார்டில் பணியாற்றிய எந்தச் செவிலியைக் கேட்டாலும் சொல்வாள்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, 2014-இன் வாக்குக்கும் பெங்களூரின் நிலைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுமையாகத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்தத் திட்டத்தின் வழிகாட்டி கிராமத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊர் என்று ஓர் எல்லை, அதற்கொரு ஆஷா, அதற்கொரு சுகாதாரக் குழு, பக்கத்தில் துணை சுகாதார நிலையம் என்ற அடுக்கின் மேல்தான் அந்தச் சக வயதுக் கல்வியாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கு முன்னுரிமை தந்தது நியாயம். ராய்ச்சூருக்கும் யாதகிரிக்கும் முதலில் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரயில் தண்டவாளத்துக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் இடையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் பெங்களூர்க் குடியிருப்புகள் எந்த ஊரின் எல்லையில் வருகின்றன? பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பெண்பிள்ளை, தன் உடம்பைப் பற்றி யாரிடம் எங்கே உட்கார்ந்து பேசுவாள்? நகரத்துக்கென 2013-இல் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வந்தது. ஐம்பது முதல் நூறு வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு என்று அது சொன்னது. அந்தக் குழுவில் பதினாறு வயதுக்காரிக்கு இடம் இல்லை.

வார்டுக்கு ஒன்றாக, நம்ம கிளினிக் என்ற சிறு அரசு மருத்துவ நிலையங்கள் 243 பெங்களூருக்கு வரும் என்றார்கள். அவற்றில் 108 கிளினிக்குகள் 2023 பிப்ரவரி 7 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்டன. நல்ல காரியம், அதைச் செய்த முந்தைய அரசையும் தொடர்ந்து நடத்தும் தங்கள் அரசையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு மருத்துவர், ஒரு செவிலி, ஓர் ஆய்வக நுட்பர், ஓர் உதவியாளர் என்பது அங்கே ஆள்பலம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகர் அந்த நால்வரில் இல்லை. தொடங்கியபோது வைத்த நேரம் காலை 9 முதல் மாலை 4.30 வரை. பள்ளிக்கும் பியூசி என்ற மேல்நிலை வகுப்புக்கும் போகும் பிள்ளை எந்நேரத்தில் அங்கே போவது? வளரிளம் பருவத்தினருக்கென்றே ஸ்நேஹா கிளினிக் உண்டு என்று தங்கள் துறை சொல்லும், உண்மைதான். ஆனால் தன் தெருவிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் பெரிய மருத்துவமனைக்குப் போய், அதில் எந்தக் கட்டடத்தின் எந்த அறை என்று விசாரித்து, வாசலில் நிற்கும் காவலருக்குக் காரணமும் சொல்லிவிட்டு நுழையும் துணிவு பதினாறு வயதில் எத்தனை பேருக்கு வரும்?

2020 செப்டம்பரோடு மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் இந்த நகரம் ஆண்டுக்கணக்கில் கவுன்சிலர் இல்லாமலே ஓடியது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. எந்தக் கிளினிக்குக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று எளிய மக்கள் மீண்டும் முதலிலிருந்து கேட்டறிய வேண்டியிருக்கிறது. தங்கள் துறையின் திட்டங்கள் ஒரு பக்கம், மாநகராட்சிகளின் சுகாதாரப் பிரிவு ஒரு பக்கம், பள்ளிக் கல்வித் துறை இன்னொரு பக்கம். பிள்ளைக்கு இருப்பது ஒரே உடம்பு.

பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டம் வந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் நலத்தூதர்கள், வகுப்புக்கு இரண்டு மாணவர்கள் செய்தியைக் கொண்டுசேர்ப்பவர்கள் என்று ஏற்பாடு. அடுத்த மாதமே பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதே காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு விலையில்லா நாப்கின் தரும் நம் மாநிலத்துச் சுசி திட்டமும் நின்றது, அது மீண்டும் உயிர்பெற்றது 2024-இல். மாதவிடாய் நான்கு ஆண்டுகள் காத்திருக்காது என்பதை ஒரு பெண்ணாகத் தங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, துணி ஆலைக்கும் வீட்டு வேலைக்கும் பிரியாணிக் கடைக்கும் போன பிள்ளைகளுக்குப் பள்ளித் திட்டத்தால் பயன் ஏதும் இல்லை. ஆபத்து அதிகம் உள்ளதும் அவர்களுக்குத்தான்.

இனி என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் தெருவைச் சுற்றியுள்ள பிள்ளைகளைக் கூட்டி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒருநாள் பேச்சு நீல மாத்திரைக்குத் திரும்பியது. வாரம் ஒன்றாகப் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை அது. 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள நல்ல மருந்து. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நம் மாநிலத்திலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இருக்கிறது. அந்த மாத்திரையை யார் யார் விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் தலைகுனிந்தார்கள். நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்திருந்து கழிவறையில் துப்புவதாக ஒருத்தி சொன்னாள். மலம் கறுப்பாகப் போகிறது, ஏதோ ரத்தம் கெட்டுவிட்டது என்று அவள் பாட்டி பயந்திருக்கிறாள். பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை அது என்று இன்னொருத்தி வீட்டில் பேச்சு.

நான் விளக்கினேன், தலையாட்டினார்கள். ஆனால் மாற்றத்தைச் செய்தவள் நான் அல்லள். அந்தக் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, அடுத்த வாரம் வந்து தன் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சோறு தின்ற பிறகு போடு. காப்பி, டீ குடித்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்துக்கொள். கறுப்பாகப் போனால் பயப்படாதே, உடம்பு எடுத்துக்கொண்டதுபோக மிச்ச இரும்புதான் அது. இவ்வளவையும் அவள் தன் தெருப் பேச்சிலேயே எழுதியிருந்தாள், பாதித் தமிழ், பாதிக் கன்னடம். தோழிகளுக்குச் சொன்னதோடு நிற்காமல் அந்தப் பாட்டியின் வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். நான் போயிருந்தால் பாட்டி எழுந்து நின்று கும்பிட்டிருப்பார், மாத்திரையைப் பற்றிய சந்தேகத்தை மட்டும் வெளியே விட்டிருக்கமாட்டார். இவளிடம் சண்டை போட்டிருக்கிறார். சண்டை போட்டதால்தான் உண்மை வெளியே வந்தது. அந்த வீட்டுப் பெண் இன்று மாத்திரையை விழுங்குகிறாள்.

ஆண்பிள்ளைகளின் கதை வேறு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் நனைத்து முகரும் பையன்களை இந்த நகரம் மேம்பாலங்களின் அடியில் தினம் பார்க்கிறது. ஹான்ஸ் புகையிலைப் பொட்டலம் கையில் இல்லாத பையனைத் தேட வேண்டியிருக்கிறது. என்னிடம் வரும் பையன்களில் ஒருவன் புகையிலைப் பழக்கத்திலிருந்து மீண்டவன். அவன் தன் கூட்டாளிகளிடம் புற்றுநோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. வாயை அகலத் திற, மூன்று விரல் நுழைகிறதா பார் என்கிறான். நுழையாதவன் அன்றிரவு தூங்குவதில்லை. எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலை அது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொண்டு என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் சங்கத் என்ற அமைப்பு எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே நலத்திட்டத்தை இருவகையாக நடத்திப் பார்த்தது. சில பள்ளிகளில் ஆசிரியர் நடத்தினார், சிலவற்றில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் நடத்தினார். 2018-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, உள்ளூர்க்காரர் நடத்திய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பயன் இல்லை. அந்த உள்ளூர்க்காரர்கள் பதின்வயதினர் அல்லர் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் யார் சொல்கிறார் என்பது என்ன சொல்கிறார் என்பதற்குச் சமமாக எடை பெறுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் வெங்கட்ராமன் சந்திரமௌலியும் அவருடைய கூட்டாளிகளும் 2015-இல் எழுதிய ஆய்வுரை, சக வயதுக் கல்வியாளர்களைத் தனியே விட்டால் பலன் மிகக் குறைவு என்றது. பிள்ளைக்குப் பிள்ளை தகவல் சொல்லலாம், ஆனால் பின்னால் கைகொடுக்கும் மருத்துவமனையும் திருத்திச் சொல்லும் பெரியவரும் இல்லாவிட்டால் தகவல் தகவலாகவே நின்றுவிடும். ஆறு நாள் பயிற்சி தந்து, மாதம் 50 ரூபாய் மதிப்புள்ள ஊக்கப்பொருள் என்று வழிகாட்டியில் எழுதி, அத்தோடு அனுப்பிவிட்ட ஏற்பாடு ஏன் எதிர்பார்த்த பலனைத் தராது என்பது இதில் விளங்கும். தங்கள் துறை அறியாத ஆய்வு அல்ல இது.

மகாராஷ்டிரத்து ஜாம்கேடில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோளே, மேபெல் அரோளே தம்பதியர் 1970-இல் ஒரு பணியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள், அவர்களில் பலர் தலித் பெண்கள். உலகமே வந்து பார்த்துப் போனது. அங்கே பயிற்சி ஆறு நாளில் முடியவில்லை. அந்தப் பெண்கள் வாரந்தோறும் வந்தார்கள், கற்றார்கள், போன வாரம் தாம் செய்ததைச் சொன்னார்கள், தவறைத் திருத்திக்கொண்டார்கள், ஆண்டுக்கணக்கில். பயிற்சி என்பது அதுதான், தொடக்க விழாவும் சான்றிதழும் அன்று.

நம்பிக்கை காப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப்படுதலுக்காக ஒரு பெண் என் பேச்சைக் கேட்டு ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனாள். எது என்பது இங்கே வேண்டாம். பதிவுச் சீட்டு எழுதும் இடத்திலேயே, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, கல்யாணம் ஆயிடுச்சா, அம்மாவைக் கூட்டிட்டு வா என்றார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள். அழைத்துப்போன தோழியும் அன்றோடு என் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள், தெருவில் அவளுடைய சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விட்டது. பிள்ளைகளைத் தூதனுப்பும் அரசு, தூதனுப்பிய இடத்தில் வரவேற்பு இருக்கும்படி செய்ய வேண்டாமா? போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கட்டாயம் அதன்படி மருத்துவருக்கும் உண்டு. குழந்தைகளைக் காக்க அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும் என்று தெருவெல்லாம் பேச்சு பரவி, தோல் நோய்க்குக்கூடப் பிள்ளைகள் ஒளிகிறார்கள். கருக்கலைப்பு நாடும் சிறுமியின் பெயரை வெளியிடாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் சாரத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் தெலுங்கிலும் எழுதி ஒவ்வொரு கிளினிக்கிலும் ஊழியருக்குச் சொல்லித்தர எவ்வளவு செலவாகும்?

நான் மேலே சொன்ன, நோட்டில் எழுதி வந்த பெண், நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள். நாட்டில் செவிலியர் கல்லூரிகள் மிகுந்த மாநிலங்களுள் கர்நாடகம் ஒன்று. கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து செவிலியர் படிப்புப் படித்து உலகம் முழுவதும் போகிறார்கள். அதே பெங்களூரில் பிறந்தவள், கல்லூரி வாசலைத் தாண்டித் தினமும் பள்ளிக்கு நடப்பவள், பத்தாம் வகுப்பு முடிந்ததும் துணிக்கடையில் நிற்கப்போகிறாள். ஏஎன்எம் என்ற துணைச் செவிலியர் படிப்புக்கே பியூசி தேறியிருக்க வேண்டும். பிஎஸ்சி நர்சிங் என்றால் அறிவியல் பாடம் எடுத்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிக் கட்டணத்தை அவள் அம்மாவின் வீட்டு வேலைச் சம்பளம் தாங்காது. இதையெல்லாம் அவளிடம் சொல்ல அவள் பள்ளியில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளைச் சுகாதாரப் பணியின் முதல் படியில் ஏற்றிவிட்டு அடுத்த படியைக் கட்டாமல் விட்டிருக்கிறோம். கதவு அரசு நினைத்தால் திறக்கும். 2020-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. அதன்பின் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிக்குள் போகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் தங்களுக்கு முன்னால் காணும் சுகாதாரப் பணியாளர் யார்? ஆஷா அக்கா. 2025 ஜனவரியில் கடுங்குளிரில் அந்த அக்காமார்கள் பெங்களூர் ஃப்ரீடம் பார்க்கில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். மாதம் குறைந்தது 10,000 ரூபாய் உறுதி என்று முதலமைச்சர் வாக்களித்த பின்புதான் எழுந்தார்கள். அந்த வாக்கு முழுதாய்ச் செயலுக்கு வரவில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் போராட வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு அழைத்துச் செல்வது முதல் காசநோய் மாத்திரை தருவது வரை செய்கிறவர்களுக்கே இன்றும் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். இதைப் பார்த்து வளரும் பிள்ளையிடம் நீயும் சுகாதாரப் பணிக்கு வா என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? சேவை மனப்பான்மை பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. அதை இலவச உழைப்பாக எடுத்துக்கொள்ளும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. ஒரு பிள்ளையின் தோளில் பெரியவர்களின் பாரத்தை ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தற்கொலை எண்ணத்தைத் தோழி ஒருத்தி சொன்னால், கேட்டவள் உடனே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைத் தரவும், அன்றைக்கே ஒரு பெரியவரிடம் ஒப்படைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்ப்பது கொடுமை. 2022 அக்டோபர் 10 அன்று நிம்ஹான்ஸில் தொடங்கி, தமிழ் உள்பட இருபது மொழிகளில் நடக்கும் அந்தச் சேவையின் எண் இந்நகரத் தெருப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே மாண்புமிகு அமைச்சர் அவர்களே, என் வேண்டுகோளை வெளிப்படையாகவே வைக்கிறேன். ஒவ்வொரு நம்ம கிளினிக்கின் எல்லையிலும், பள்ளிக்குப் போகிறவர்களும் போகாதவர்களுமாகச் சக வயதுக் கல்வியாளர்களைப் பெயர் எழுதிச் சேர்க்க ஆணையிடுங்கள். பயிற்சி மாதந்தோறும் தொடரட்டும், அந்தந்தத் தெருவின் மொழியில் நடக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை, ஆறு மணி முதல் எட்டு மணி வரை, கிளினிக் பிள்ளைகளுக்கென்றே திறந்திருக்கட்டும். அன்று பெயர் கேட்காமல் பேசும் ஓர் ஆலோசகர் அங்கே இருக்கட்டும். அந்தக் கல்வியாளர்களுக்குப் பொறுப்பான ஒரு செவிலியை நியமியுங்கள். ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டாலும் மகிழ்ந்து வருவோம். இரண்டு ஆண்டுகள் முறையாகப் பணி செய்த பிள்ளைக்கு அரசு ஏஎன்எம், ஜிஎன்எம், துணை மருத்துவப் படிப்புகளில் முன்னுரிமையும் கட்டண விலக்கும் தாருங்கள். இதில் எதற்கும் மாநில அரசிடம் இல்லாத அதிகாரம் தேவையில்லை. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் இதே நகரத்தில் இருக்கிறது, நிம்ஹான்ஸ் இதே நகரத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு உடலையும் உறவையும் பற்றிப் பல ஆண்டுகளாகச் சொல்லித்தரும் என்ஃபோல்ட் போன்ற அமைப்புகளும் இங்கேயே இருக்கின்றன. கேட்டால் மறுக்கக்கூடியவர்கள் யாரும் இல்லை.

பொறுமையாக இருக்கும்படி இதுவரை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். புதிய திட்டம், காலம் எடுக்கும் என்றேன். பெருந்தொற்று, என்ன செய்வார்கள் என்றேன். மாநகராட்சி பிரிகிறது, ஒழுங்குபடட்டும் என்றேன். அந்தப் பொறுமையைத் தொடர்ந்து கேட்க எனக்கே மனம் வரவில்லை. இந்தத் திட்டத்துக்குத் தகுதியான வயது 15 முதல் 19 வரை, ஐந்தே ஆண்டுகள். 2014-இல் பதினைந்து வயதில் இதில் சேர்ந்திருக்க வேண்டியவள் இன்று இருபத்தைந்தைக் கடந்துவிட்டாள். அவளுக்குப் பின் வந்த கூட்டமும் வயது வரம்பைத் தாண்டிவிட்டது. இப்போது பதினைந்தைத் தொட்டிருக்கும் பிள்ளைகளுக்காவது, வரும் ஜூன் மாதம் கல்வியாண்டு தொடங்குமுன் அந்த ஆணையைப் பிறப்பிக்குமாறு தங்களைப் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலி ஒருத்தி,
பெங்களூர்